டிரெஸ்டன் தேவாலயத்தின் கருப்புக் கற்கள்: தீயின் தடமா, வயதின் நிறமா?

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குப் போய்வந்தவர்களின் படங்களில் ஃபிராவன்கிர்ஷே தேவாலயம் கட்டாயம் இருக்கும். வெளிர்மஞ்சள் சுவர், அதில் அங்கங்கே கருப்புக் கற்கள், மேலே பெரிய கல் குவிமாடம், உச்சியில் தங்கச் சிலுவை. படத்துக்குக் கீழே எழுதுவதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து தரைமட்டமானது, கருப்பாகத் தெரிபவை அன்று எரிந்த கற்கள், மற்றதெல்லாம் பிறகு கட்டிய நகல்.

மூன்றுமே பிழை. குண்டு விழுந்ததும் இந்தத் தேவாலயம் இடியவில்லை. கருப்பு, தீ கொடுத்த நிறம் இல்லை. நகல் என்ற சொல்லும் இதற்குப் பொருந்தாது. வழிகாட்டிகள் சிலரே இதை மாற்றிச் சொல்கிறார்கள் என்பதால், சுவரை எப்படிப் படிப்பது என்று அடிப்படையிலிருந்து பார்த்துவிடலாம். அது புரிந்தால் பக்கத்திலிருக்கும் மற்ற கட்டடங்களும் வேறு மாதிரித் தெரியும்.

முதலில் ஒரு வீடு

தாத்தா கட்டிய வீடு ஒன்று இடிந்து விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பேரப்பிள்ளைகள் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன.

இடிந்த சுவரை அப்படியே விட்டுவிடலாம். மனையைச் சுத்தம் செய்து இந்தக் காலத்துக்கு ஏற்றபடி வேறொரு வீடு கட்டலாம். பழைய புகைப்படத்தைப் பார்த்து, புதுச் செங்கல்லும் புது மரமும் வாங்கி, பார்வைக்கு அதே வீட்டை எழுப்பலாம். இதுதான் நகல். நான்காவது வழி கடினமானது. இடிபாட்டைக் கையால் கிளறி, உடையாத தூண், நிலை, உத்தரம், கல் எல்லாவற்றையும் பிரித்தெடுத்து, எது எங்கே இருந்தது என்று கண்டுபிடித்து, அதே இடத்தில் பொருத்தி, இல்லாததை மட்டும் புதிதாகச் செய்து சேர்ப்பது.

ஃபிராவன்கிர்ஷே நான்காவது வகை. இதைத் தொல்லியல் முறை மறுகட்டுமானம் என்பார்கள்: கிடைத்த அசல் பாகங்களை அவற்றின் பழைய இடத்திலேயே வைத்து, பழைய வரைபடப்படி மீதியை நிரப்பிக் கட்டுவது. அசல், நகல் என்ற இரண்டே பெட்டிகளுக்குள் இந்தக் கட்டடத்தை அடைக்கப் பார்ப்பதால்தான் அதைப் பற்றிய பேச்சு இவ்வளவு குழம்புகிறது.

நகரத்தார் கட்டிய கல் குவிமாடம்

டிரெஸ்டனைத் தலைநகராகக் கொண்ட சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டஸ், போலந்தின் அரசராவதற்காக 1697இல் கத்தோலிக்கத்துக்கு மாறினார். அவருடைய மக்கள் லுத்தரன் மார்க்கத்திலேயே இருந்தார்கள். அந்த நகரத்தாருக்காக எழுந்ததுதான் ஃபிராவன்கிர்ஷே. அதே இடத்தில் இருந்த பழைய மாதா கோவிலின் பெயர் இதற்கும் தொடர்ந்தது. 1726இல் வேலை தொடங்கி 1743இல் முடிந்தது. வடிவமைத்தவர் கியார்க் பேர் என்ற கட்டடக் கலைஞர். குவிமாடம் முடிவதற்கு முன்பே, 1738இல், அவர் இறந்துவிட்டார்.

இந்த வட்டாரத்தோடு தமிழருக்கு ஓர் உறவு உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, பிறகு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்க் பிறந்த புல்ஸ்னிட்ஸ் என்ற ஊர், டிரெஸ்டனுக்கு வடகிழக்கே பக்கத்தில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் பெரிய குவிமாடம் என்றால் மரச்சட்டம் அமைத்து மேலே செம்புத் தகடு போர்த்துவது வழக்கம். கியார்க் பேர் முழுக்கக் கல்லிலேயே கட்ட வேண்டும் என்று நின்றார். ஏறக்குறைய 12,000 டன் எடை. இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வெளியுந்தல். கல் குவிமாடம் தன் எடையால் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, அடிவிளிம்பை வெளிப்பக்கமாகவும் தள்ளும். அந்தத் தள்ளுதலுக்குத்தான் வெளியுந்தல் என்று பெயர். பாரத்தை உள்ளே இருக்கும் எட்டுத் தூண்களும் வெளிச்சுவர்களும் பகிர்ந்துகொள்ளும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். நடைமுறையில் தூண்களின் தலையில்தான் அதிகம் இறங்கியது. விரிசல்கள் வந்தன, பழுது பார்த்தார்கள், மறுபடி வந்தன. கடைசிப் பெரிய பழுதுவேலை போர் நடந்துகொண்டிருந்த 1940களின் தொடக்கம் வரை நீண்டது.

ஆனாலும் நின்றது. 1760இல் பிரஷ்யப் படை பீரங்கியால் சுட்டபோதுகூடக் குவிமாடம் தாங்கிவிட்டது. இதை எதுவும் அசைக்காது என்ற நம்பிக்கை ஊராருக்கு அப்போதே வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து ஏன் விழுந்தது?

1945 பிப்ரவரி 13 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் இரண்டு அலைகளாக வந்தன. மறுநாள் அமெரிக்க விமானங்கள். வெடிகுண்டுகளோடு தீக்குண்டுகளும் விழுந்து நகர மையமே ஒரே நெருப்பாக எரிந்தது. விடிந்தபோதும் ஃபிராவன்கிர்ஷேயின் குவிமாடம் அப்படியே நின்றது. தப்பித்துவிட்டது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். பிப்ரவரி 15 காலையில் அது உட்கார்ந்தது.

காரணம் உள்ளே இருந்தது. ஜன்னல் வழியாகப் புகுந்த தீ, மரத்தாலான மாடங்களையும் இருக்கைகளையும் பிடித்துக்கொண்டது. தேவாலயத்தின் உட்புறம் உலையாகிவிட்டது. தூண்கள் மணற்கல். மணற்கல்லில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற படிகத்தின் மணிகள். ஏறக்குறைய 573 டிகிரி செல்சியஸைத் தொடும்போது குவார்ட்ஸின் உள் அமைப்பு மாறி அது சட்டென்று பருக்கும். ஒவ்வொரு மணியும் பருத்துப் பக்கத்து மணியை நெருக்கும்போது கல்லுக்குள் நுண்விரிசல்கள் ஓடும். தூணின் வெளிப்பகுதி கொதிக்க, நடுப்பகுதி குளிர்ந்தே இருப்பதால், மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயரும். தூண் மெலியும். ஏற்கெனவே அளவுக்கு மேல் சுமந்துகொண்டிருந்த தூண்கள் அவை. அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

சுருக்கமாக, குவிமாடத்தை வெடிகுண்டு உடைக்கவில்லை. உள்ளே எரிந்த தீ தூண்களைப் பலவீனமாக்கியது. இரண்டு நாள் கழித்துக் குவிமாடத்தின் எடையே அதைக் கீழே கொண்டுவந்தது.

அந்தக் குண்டுவீச்சில் இறந்தவர்களின் எண்ணிக்கையையும் இதே போல வாய்க்கு வந்தபடி சொல்கிறார்கள். இரண்டு லட்சம் என்ற கணக்கு நாஜிகளின் பிரசாரத்திலிருந்து வந்தது. டிரெஸ்டன் நகரம் அமைத்த வரலாற்றாசிரியர் குழு ஆவணங்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவின்படி, இறந்தவர்கள் அதிகபட்சம் 25,000 பேர். அது கொடுமையான எண்தான். பெரிதாக்கிச் சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கருப்பு எங்கிருந்து வந்தது?

தீயில் எரிந்ததால்தான் கல் கருத்தது என்பது கேட்டவுடன் நம்பத் தோன்றும் விளக்கம். அதைச் சோதித்துப் பார்ப்பதும் சுலபம். 1945க்கு முந்தைய புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள்: தேவாலயம் முழுவதுமே கருமையாக இருக்கும். அப்புறம், நெருப்பில் நன்றாகச் சூடான மணற்கல் கருப்பதைவிடச் சிவப்பதுதான் வழக்கம், ஏனென்றால் அதிலுள்ள இரும்புக் கனிமம் வெப்பத்தில் செந்நிறமாக மாறும்.

கருப்புக்குக் காரணம் பாட்டினா. கல், உலோகம் போன்றவற்றின் மேற்பரப்பில் காலப்போக்கில் படரும் மெல்லிய நிறப்படலத்துக்கு அந்தப் பெயர். டிரெஸ்டனின் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை எல்பே ஆற்றின் மேல்பகுதியில், பிர்னா ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் வெட்டிய மணற்கல்லால் ஆனவை. புதிதாக வெட்டும்போது அது வெளிர்மஞ்சள். அதில் கொஞ்சம் இரும்பு இருக்கிறது. மழையும் காற்றும் பட்டுப் பட்டு இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து கறுக்கிறது. காற்றிலிருக்கும் கரித்துகளும் தூசியும் அதோடு படிந்து இறுகுகின்றன. பல பத்தாண்டுகளில் கல்லின் தோல் சாம்பலாகி, பிறகு கிட்டத்தட்டக் கருப்பாகிவிடும்.

ஆக, சுவரில் தெரியும் கருப்பு 200 ஆண்டு வெயிலும் மழையும் கொடுத்த நிறம். இன்று வெளிர்மஞ்சளாகத் தெரியும் கற்களும் மெல்ல மெல்ல இருண்டு பழைய கற்களோடு ஒன்றாகும். மறுபடி கட்டியவர்கள் அதை எதிர்பார்த்தேதான் பழைய கற்களைச் சுத்தம் செய்து வெளுக்காமல் விட்டார்கள்.

கற்குவியலிலிருந்து சுவர் வரை

போருக்குப் பிறகு டிரெஸ்டன் கிழக்கு ஜெர்மனியின் பகுதியானது. தேவாலயம் இருந்த இடத்தில் கற்குவியல் அப்படியே கிடந்தது, செடிகொடி முளைத்தது. அரசு அதைப் போர் எதிர்ப்பு நினைவிடம் என்று அறிவித்தது. 1982 பிப்ரவரி 13 அன்று இளைஞர்கள் மெழுகுவர்த்தியோடு வந்து அங்கே கூடினார்கள். அரசாங்கத்தின் ஏற்பாடு எதுவும் இல்லாமல் கூடிய அமைதிக் கூட்டம் அது. கல்லும் மண்ணுமாகக் கிடந்த அந்த இடத்துக்கு ஊரில் எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பெர்லின் சுவர் விழுந்த சில மாதங்களில், 1990 பிப்ரவரியில், டிரெஸ்டன் குடிமக்கள் சிலர் தேவாலயத்தை எழுப்ப உலகத்திடம் உதவி கேட்டார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. இடிபாடே சரியான நினைவுச்சின்னம் என்றார்கள் பலர். பாதுகாப்பு வல்லுநர்களுக்கு இன்னொரு தயக்கம்: பழஞ்சின்னங்களைப் பேணுவது பற்றிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், அகழ்ந்தெடுத்த இடங்களில் சிதறிக் கிடக்கும் பாகங்களை மறுபடி பொருத்துவதை மட்டுமே ஏற்கிறது, யூகத்தில் கட்டுவதை ஏற்பதில்லை. இந்த எதிர்ப்பு வீண்போகவில்லை என்பது என் எண்ணம். கிடைத்த ஒவ்வொரு கல்லையும் மதித்துத்தான் கட்ட வேண்டும் என்ற கண்டிப்பு வந்ததில் அதற்குப் பங்கு உண்டு.

1993 ஜனவரியில் குவியலைப் பிரிக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 22,000 கன மீட்டர் இடிபாடு. அள்ளி லாரியில் போடவில்லை. பயன்படக்கூடிய கல் ஒவ்வொன்றையும் அது கிடந்த இடத்தோடு குறித்து, படம் எடுத்து, அளந்து, எண் போட்டு, தட்டுகளில் அடுக்கினார்கள். கிடந்த இடத்தை ஏன் குறிக்க வேண்டும்? கல் தன் இஷ்டத்துக்கு விழுவதில்லை. வடக்குப் பக்கம் கிடந்தது பெரும்பாலும் வடக்குச் சுவரிலிருந்து வந்திருக்கும், அடியில் கிடந்தது முதலில் விழுந்திருக்கும். இந்தக் குறிப்பையும் கல்லின் வடிவத்தையும் பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் கணினியில் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு கல்லுக்கும் அதன் பழைய இடத்தைத் தேடினார்கள்.

1994 மே 27இல் முதல் கல் வைத்தார்கள். 2005 அக்டோபர் 30இல் தேவாலயம் வழிபாட்டுக்குத் திறந்தது. ஏறக்குறைய 18 கோடி யூரோ செலவானது. அதில் பாதிக்கு மேல் உலகெங்கிலுமிருந்து வந்த நன்கொடை. 1999இல் மருத்துவ நோபல் பெற்ற கியுன்டர் பிலோபல் தன் பரிசுத்தொகையின் பெரும்பகுதியை இதற்காகக் கொடுத்தார்.

கியார்க் பேர் செய்த கணக்குப் பிழையை மட்டும் திரும்பச் செய்யவில்லை. குவிமாடத்தின் அடியில் வெளியுந்தலைப் பிடித்து நிறுத்த இறுக்கமான எஃகு வளையம் போட்டார்கள். தூண்களுக்கு இன்னும் உறுதியான மணற்கல்லைத் தேர்ந்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருக்கும் காறையை மெல்லியதாக்கினார்கள்.

இப்போது சுவரைப் பார்த்தால் இரண்டு வகைக் கருப்பு தெரியும். தனித்தனிப் புள்ளிகளாகச் சிதறிக் கிடப்பவை, குவியலிலிருந்து எடுத்துத் தன் பழைய இடத்தில் வைத்த கற்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அவற்றின் விளிம்புகள் மழுங்கி, முனைகள் உடைந்திருக்கும். பக்கத்துப் புதுக்கல்லின் விளிம்போ கத்தியால் வெட்டியதுபோல நேர். பெரிய பரப்பாக ஒரே கருப்பாகத் தெரியும் இடம், 1945க்குப் பிறகும் விழாமல் நின்ற பகுதி. வடமேற்கு மூலையிலும், கிழக்கே பலிபீடம் இருக்கும் பக்கத்திலும் அதைப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாமல் சுவரின் உள்ளடுக்கிலும் பழைய கல் நிறைய இருக்கிறது. நின்ற பகுதிகளையும் சேர்த்தால் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பழைய கல்தான்.

இதுவரை: கருப்பு என்றால் பழசு, வெளிர்மஞ்சள் என்றால் புதுசு. கருப்புப் பரப்பு விழாதது. கருப்புப் புள்ளி விழுந்து எழுந்தது.

உள்ளே

வெளியே கல்லைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் இளமஞ்சளும் ரோஜா நிறமும் நீலமுமாக, எல்லாம் வெளிச்சம். குவிமாடத்தின் உட்பக்கத்தில் நான்கு சுவிசேஷகர்களும் நான்கு நற்குணங்களும் ஓவியமாக இருக்கிறார்கள். பழைய ஓவியங்கள் அழிந்துவிட்டதால் இவை புதிதாக வரைந்தவை. ஆர்கனும் புதிது. 1736இல் இசையமைப்பாளர் பாக் வந்து வாசித்த, சில்பர்மன் என்பவர் செய்த பழைய ஆர்கன் போரில் போய்விட்டது.

பலிபீடத்தில் நேரம் செலவிடுங்கள். இடிபாட்டில் கிடைத்த சுமார் 2,000 துண்டுகளைச் சேர்த்து அதை நிறுத்தியிருக்கிறார்கள். தேவதை ஒன்றின் விரல் உடைந்திருந்தால் உடைந்தபடியே விட்டிருக்கிறார்கள். வெளிச்சுவரில் நடந்த அதே வேலைதான், இங்கே சிற்பத்தில்.

பழைய கோபுரச் சிலுவை 1993இல் குவியலுக்குள் கிடைத்தது. நசுங்கி வளைந்த அந்த உலோகம் உள்ளேயே நிற்கிறது, வருபவர்கள் அதனருகே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். இன்று உச்சியில் இருக்கும் சிலுவை பிரிட்டிஷ் மக்கள் கொடுத்தது. அதைச் செய்த லண்டன் பொற்கொல்லர் ஆலன் ஸ்மித்தின் தந்தை, டிரெஸ்டன் மேல் குண்டு வீசிய விமானிகளில் ஒருவர். 1940இல் ஜெர்மன் விமானங்கள் அழித்த, இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரத் தேவாலயத்தின் ஆணிச் சிலுவை (ஆணிகளால் செய்த சிலுவை) ஒன்றும் இங்கே இருக்கிறது.

நடக்கும் தூரத்தில் வேறு விடைகள்

இடிந்த வீட்டுக்கு நான்கு வழி சொன்னோம் அல்லவா? டிரெஸ்டனில் அரைமணி நேரம் நடந்தால் அவற்றில் பலவற்றை நேரிலேயே பார்க்கலாம்.

தேவாலயத்தைச் சுற்றியுள்ள நாய்மார்க்ட் சதுக்கத்தின் வீடுகளில் பல, 2000க்குப் பிறகு எழுந்தவை. பழைய முகப்பு, பின்னால் இந்தக் காலக் கட்டுமானம். நகல் என்ற சொல்லை இவற்றுக்குத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றில் படிக்க எதுவும் இல்லை.

அங்கிருந்து இரண்டு நிமிடம் நடந்தால் அரசர்களின் ஊர்வலம் என்ற சுவரோவியம். 102 மீட்டர் நீளம், குதிரையேறி வரும் சாக்சனி ஆட்சியாளர்கள் வரிசை, எல்லாம் மைசன் பீங்கான் ஓடுகளில். சுற்றிலும் எல்லாம் எரிந்தபோது இது பெரும்பாலும் தப்பியது. மேலே மணற்கல்லை வெப்பம் என்ன செய்யும் என்று பார்த்தோம். பீங்கான் உருவாவதே 1,300 டிகிரிக்கு மேல் சுட்டுத்தான், அதனால் தாங்கியது. ஓவியர் வில்ஹெல்ம் வால்டர் தன்னையும் ஊர்வலத்தின் கடைசியில் வரைந்துகொண்டிருக்கிறார், தாடியை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

ஊர்வலம் முடியும் பக்கத்தில் கத்தோலிக்க அரசவைத் தேவாலயம், அதைத் தாண்டி செம்பர் ஓபரா, ஸ்விங்கர் அரண்மனை. மூன்றும் போரில் சிதைந்து மறுபடி எழுந்தவை. ஓபரா 1985 பிப்ரவரி 13 அன்று, குண்டுவீச்சு நடந்து சரியாக 40 ஆண்டு கழித்துத் திறந்தது. ஸ்விங்கரில் ரஃபேல் வரைந்த சிஸ்டைன் மடோனா இருக்கிறது. அதற்கு ஒரு அரைநாள் ஒதுக்குங்கள்.

தெற்கே ஆல்ட்மார்க்ட் சதுக்கத்தில் இருக்கும் கிராய்ஸ்கிர்ஷே தேவாலயத்தை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எனக்கு ஃபிராவன்கிர்ஷேக்கு அடுத்து முக்கியமானது அதுதான். அதன் உட்புறமும் 1945இல் எரிந்தது. பழைய அலங்காரத்தைத் திரும்பக் கொண்டுவராமல் சொரசொரப்பான காறை பூசி நிறுத்திவிட்டார்கள். முதலில் அவசரத்துக்குச் செய்தது, பிறகு அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டுக்கும் போனால், ஒரே நாளில் நேர்ந்த அழிவுக்கு ஒரே நகரம் சொன்ன இரண்டு பதில்கள் தெரியும்.

ஆற்றங்கரையில் பிரியூல் மாடத்தின் கிழக்கு முனைக்கு அருகே யூதர்களின் புதிய ஜெபக்கூடம். அங்கிருந்த பழைய கூடத்தை 1938 நவம்பர் 9 அன்று நாஜிகள் எரித்தார்கள், அதாவது போருக்கும் முன்பே, சொந்த ஊர்க்காரர்கள் கையால். 2001இல் எழுந்த கூடம் பழையதைப்போல இருக்க முயலவே இல்லை. அடுக்கடுக்காகத் திருகி ஏறும் வெறும் கற்சதுரம் அது. ஒரு தீயணைப்பு வீரர் அன்று காப்பாற்றி ஒளித்துவைத்த தாவீதின் நட்சத்திரம் மட்டும் நுழைவாயிலுக்கு மேல் இருக்கிறது. வழிகாட்டிப் புத்தகங்கள் இதை ஓரமாகத் தள்ளுவது சரியில்லை. டிரெஸ்டனின் அழிவை 1945இலிருந்து மட்டும் சொல்லத் தொடங்கினால் கதையின் முதல் பாதி விட்டுப்போகும்.

போகிறவர்களுக்கு

ஃபிராவன்கிர்ஷேக்குள் போக நுழைவுக்கட்டணம் இல்லை, விருப்பம்போல் காணிக்கை போடலாம். வழிபாடும் கச்சேரியும் நடக்கும் நேரங்களில் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள், அதனால் அன்றைய நேரப்பட்டியலைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. வாரநாட்களில் நண்பகலில் ஆர்கன் இசையோடு சிறு வழிபாடு நடக்கும், யாரும் உட்காரலாம். குவிமாடத்தில் ஏறத் தனி வாசல், தனிச் சீட்டு. பாதி வழிக்கு லிஃப்ட் உண்டு. அதற்கு மேல் இரண்டு கல் அடுக்குகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றிப் போகும் சரிவுப் பாதை, கடைசியில் செங்குத்தான ஏணிப்படி. முட்டிவலி உள்ளவர்கள் யோசித்து முடிவெடுக்கவும்.

சுவரைப் படிக்க வேண்டுமென்றால் காய்ந்த நாளாகப் பாருங்கள். மழையில் நனைந்தால் புதுக்கல்லும் இருண்டுவிடும், பழசையும் புதுசையும் பிரித்துப் பார்ப்பது சிரமம்.